சூரியனைக் கேட்டவர்கள் – 9: கல்யாணில் முப்பத்திரண்டு தட்டுகள்

தாராவியிலிருந்து கல்யாணுக்குப் போகிறவர்கள் சயன் ஸ்டேஷனில் ஏறுவார்கள். மாட்டுங்காக்காரர்கள் அதே வண்டியை ஒரு ஸ்டேஷன் முன்னதாகப் பிடிப்பார்கள். செம்பூரிலிருந்து வருகிறவர்கள் குர்லாவில் இறங்கி மாற வேண்டும். ஸ்லோ லோக்கலில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். இந்தத் தடத்தில் தினமும் வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் ஏராளம். சூரியனின் ரேடியோ அலைகளைக் கேட்பதற்காக இந்தியாவில் எழுந்த முதல் பெரிய தொலைநோக்கி இந்தக் கல்யாணில்தான் 1965-இல் நிறுவப்பட்டது. மூன்றே ஆண்டுகள் வேலை செய்தது. இன்று அதே கருவியை அதே ஊரில் நிறுத்தினால் அதன் காதில் சூரியன் ஒழுங்காக விழுமா என்பது சந்தேகம். ஏன் அப்படி ஆயிற்று என்பதுதான் இந்த வாரக் கதை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காக முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். 1942 பிப்ரவரி இறுதியில் பிரிட்டனின் ராடார்கள் பகல் நேரத்தில் திடீரென்று இரைச்சலில் மூழ்கின. ஜெர்மனி வேண்டுமென்றே ராடாரை அடைக்கிறது என்று ராணுவம் பயந்தது. பயத்துக்குக் காரணமும் இருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் அப்படி ராடார்களைக் குழப்பிவிட்டு ஆங்கிலக் கால்வாய் வழியே தப்பிப் போயிருந்தன. விசாரிக்கச் சொல்லி ஜே.எஸ். ஹே என்ற இயற்பியலாளரிடம் ஒப்படைத்தார்கள். அவர் டோவர், ஹல் போன்ற இடங்களிலிருந்து வந்த திசைக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாக் குறிப்பும் சூரியனையே காட்டியது. கிரீனிச் வானாய்வகத்தை விசாரித்தபோது, பெரியதொரு சூரியப்புள்ளி சூரிய வட்டத்தின் நடுவே நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. போர் முடியும்வரை இந்தக் கண்டுபிடிப்பு ரகசியமாகவே இருந்தது. சூரிய ரேடியோ வானியல் இப்படி ஒரு புகாரில்தான் பிறந்தது. அன்று மனிதனின் கருவிக்குச் சூரியன் இடைஞ்சல் செய்தது. பின்னால் யார் யாருக்கு இடைஞ்சல் ஆனார்கள் என்பதைக் கல்யாண் கதையில் பார்க்கலாம்.

கதை தொடங்குவது ஒரு தமிழரிடம். வத்திராயிருப்பில் பிறந்து, ராமனோடு ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் பங்கெடுத்த கே.எஸ். கிருஷ்ணன் அப்போது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர். 1952-இல் சிட்னியில் நடந்த சர்வதேச ரேடியோ அறிவியல் மாநாட்டுக்குப் போனார். போர்க்கால ராடார் சாமான்களை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியர்கள் வானத்தை அளக்கும் விதத்தைப் பார்த்து அசந்துபோனார். திரும்பி வந்ததும் ஆய்வகத்தின் இளைஞர்களிடம் அதைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களில் ஒருவர் கோவிந்த் ஸ்வரூப். 1953 மார்ச்சில், கொழும்புத் திட்ட உதவித்தொகையில், ஸ்வரூப்பும் கோடைக்கானல் வானாய்வகத்தைச் சேர்ந்த ஆர். பார்த்தசாரதியும் சிட்னி போய்ச் சேர்ந்தார்கள்.

சிட்னியின் பாட்ஸ் ஹில் நீர்த்தேக்கக் கரையில் கிறிஸ் கிறிஸ்டியன்சன் என்ற பொறியாளர் 32 சிறு தட்டு ஆன்டெனாக்களை வரிசையாக நிறுத்தி 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த வரிசையை இந்திய இளைஞர்கள் இருவரும் 60 சென்டிமீட்டருக்கு மாற்றியமைத்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருந்தது. அந்த அலைநீளத்தில் சூரியனின் விளிம்பு நடுப்பகுதியைவிடப் பிரகாசமாகத் தெரிய வேண்டும் என்பது ஸ்மெர்டு என்ற விஞ்ஞானி போட்ட கணக்கு. கேம்பிரிட்ஜில் அளந்த ஸ்டேனியர் என்பவரோ அப்படி எதுவும் தெரியவில்லை என்றார். கணக்கு சொல்வதற்குக் காரணம் எளிது. சூரியனின் நடுவைப் பார்க்கும்போது நம் பார்வை வெளிமண்டலமான கொரோனாவை நேராகக் கடந்து அடியில் உள்ள குளிர்ந்த அடுக்கில் முட்டுகிறது. விளிம்பைப் பார்க்கும்போது அதே கொரோனாவைச் சாய்வாக, நீண்ட தூரம் கடக்கிறது. கொரோனா பத்து லட்சம் டிகிரிச் சூட்டில் இருப்பதால் நீண்ட பாதை அதிகம் ஒளிர வேண்டும். பார்த்தசாரதியும் ஸ்வரூப்பும் அளந்து பார்த்தார்கள். விளிம்பு ஒளிர்ந்தது. 1955-இல் கட்டுரை வந்தது.

அதற்குள் கிறிஸ்டியன்சன் இன்னும் பெரிய கருவிக்குப் போய்விட்டார். பாட்ஸ் ஹில் தட்டுகள் கழிக்கப்படவிருந்தன. அவற்றை இந்தியாவுக்குக் கொடுத்துவிடுங்களேன் என்று ஸ்வரூப் கேட்டார். ஆஸ்திரேலியர்கள் சம்மதித்தார்கள். அன்னியச் செலாவணி தட்டுப்பாடான காலம் அது. கப்பல் கூலியை யார் கொடுப்பது என்று கடிதங்கள் போய்வந்தன. தட்டுகள் டெல்லி வந்து சேர்ந்தபோது அவற்றைக் கேட்டு வாங்கியவர் அமெரிக்காவுக்குப் புறப்படும் நிலையில் இருந்தார். ஏறத்தாழ ஆறடி விட்டமுள்ள 32 தட்டுகளும் ஆண்டுக்கணக்கில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சும்மா கிடந்தன.

1961 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் உலக வானியலாளர் மாநாடு. அங்கே ஸ்வரூப், டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன் ஆகியோர் கூடிப் பேசினார்கள். நால்வரும் வெளிநாட்டில் ரேடியோ வானியல் செய்துகொண்டிருந்தவர்கள். ஒன்றாகத் தாயகம் திரும்பி ஒரு குழு அமைக்க ஆசைப்படுகிறோம், இடம் தருவீர்களா என்று இந்தியாவின் அறிவியல் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். தாமதமின்றிப் பிடித்துக்கொண்டவர் ஹோமி பாபா. 1962 ஜனவரியில் சம்மதம் சொல்லி அவரிடமிருந்து தந்தியே வந்துவிட்டது. 1963 ஏப்ரலில் ஸ்வரூப் பம்பாயில் பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். டெல்லியில் தூங்கிய தட்டுகள் பம்பாய்ப் பக்கம் வந்தன. நிறுவனம் இருப்பதோ கொலாபா முனையில், கப்பற்படை வளாகத்தை ஒட்டி. அரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு ஆன்டெனா வரிசையை அங்கே நிறுத்த முடியாது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கல்யாணில் இடம் கிடைத்தது.

கருவியை நெருங்கிப் பார்ப்போம். கிழக்கு மேற்காக 630 மீட்டர் நீளத்தில் 24 தட்டுகள். வடக்கு தெற்காக 256 மீட்டரில் 8 தட்டுகள். கேட்ட அதிர்வெண் 610 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 49 சென்டிமீட்டர். தட்டுகளை இப்படிச் சம இடைவெளியில் கோர்த்தால் வானத்தில் ஒரே ஒரு பார்வைக்கோடு உண்டாகாது. சீப்பின் பற்களைப் போல ஏறத்தாழ ஒரு டிகிரிக்கு ஒன்றாகப் பல கோடுகள் விழும். சூரியனின் அகலம் அரை டிகிரிதான். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பல்தான் அதன்மேல் படும். பூமி சுழலச் சுழலச் சூரியன் ஒவ்வொரு பல்லாகக் கடந்து போகும். தட்டுகளைச் சூரியன் பக்கம் திருப்பி வைத்துவிட்டால், சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை பதிவுத்தாளில் பேனா மேடேறி இறங்கும். மேடு கடக்க இரண்டு நிமிடம், பிறகு தரைமட்டம், மறுபடி மேடு. ஒவ்வொரு மேடும் சூரியனின் ஒரு குறுக்குவெட்டு. புள்ளிக் கூட்டங்கள் இருக்கும் இடத்தில் மேட்டின் மேல் ஒரு கூர்முனை தெரியும்.

இந்தத் திரும்பத் திரும்ப வரும் மேடுதான் இரைச்சலைப் பிரித்தறியக் கிடைத்த முதல் வழியும்கூட. பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக், மின்கம்பியில் தளர்ந்த இணைப்பு, லோக்கல் ரயிலின் கூரைக் கம்பியில் தெறிக்கும் பொறி எல்லாமே ரேடியோ அலையைக் கொட்டுபவை. பதிவுத்தாளில் அவை கூரான குத்தாக விழும். சூரியன் தந்த முனையாக இருந்தால் நான்கு நிமிடம் கழித்து அடுத்த மேட்டிலும் அதே இடத்தில் வரும். வராவிட்டால் அது ஊர்ச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சூரியனே ஒரு நொடி வெடித்து அடங்கிவிட்டால்? அதுவும் திரும்ப வராது. இந்தச் சிக்கலுக்கு மீண்டும் வருகிறேன், ஏனென்றால் அறுபது ஆண்டுகள் கழிந்தும் அது முழுசாகத் தீரவில்லை.

கல்யாண் அணியில் டெல்லியிலிருந்து வந்த என்.வி.ஜி. சர்மா, எம்.என். ஜோஷி, அணுசக்திப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த விஜய் கபாஹி, ஜே.டி. இஸ்லூர் போன்றவர்கள் இருந்தார்கள். இளைஞர்கள், கேபிள் இழுப்பதிலிருந்து ரிசீவர் கட்டுவது வரை தாங்களே கற்றுக்கொண்டவர்கள். 1965 முதல் 1968 வரை அமைதியான சூரியனையும் கொந்தளிக்கும் சூரியனையும் பதிவு செய்தார்கள். 49 சென்டிமீட்டரிலும் விளிம்பு ஒளிர்கிறது, கொரோனாவின் வெப்பம் பத்து லட்சம் டிகிரி அளவில் இருக்கிறது என்று உறுதியாயிற்று. ஆஸ்திரேலியா கழித்துப்போட்ட தட்டுகளில் கிடைத்த முடிவு இது. பிற்பாடு இந்த நாடு கட்டிய ஒவ்வொரு பெரிய ரேடியோ தொலைநோக்கிக்கும் கைப்பழக்கம் கிடைத்த இடம் கல்யாண்தான் என்பது என் துணிபு.

கல்யாண் இயங்கிய நாட்களிலேயே, 1967 மே 23 அன்று, ஹே பார்த்த நாடகம் அமெரிக்காவில் பெரிய அளவில் மீண்டும் நடந்தது. ஏவுகணைகளைக் கண்காணிக்க வடதுருவப் பகுதியில் நிறுத்தியிருந்த ராடார்கள் ஒன்றாக மக்கர் செய்தன. சோவியத் யூனியன் அடைக்கிறது, தாக்குதலுக்கு முன்னோட்டம் என்று எண்ணி விமானப்படை தயாரானது. சூரியனைக் கண்காணிக்கும் சிறு பிரிவு ஒன்றை அதே விமானப்படை சில காலம் முன்பு தொடங்கியிருந்தது. அவர்கள் சூரியன் கடுமையாக வெடித்திருக்கிறது என்று தகவல் கொடுத்ததால் விமானங்கள் கிளம்பவில்லை. இந்தியாவில் அப்போது நள்ளிரவை ஒட்டிய நேரம், கல்யாணின் தட்டுகளுக்குச் சூரியன் இல்லை. சூரியனைத் தரையிலிருந்து இடைவிடாமல் கேட்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நாளே போதும்.

கல்யாண் கருவி 1968-இல் ஓய்ந்தது. குழுவின் கவனம் முழுதும் நீலகிரியின் முத்தோரையில் எழவிருந்த அடுத்த தொலைநோக்கிக்குப் போய்விட்டது. நகரமோ வளர்ந்தது. 1972 அக்டோபர் 2 அன்று பம்பாயில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. பிறகு எஃப்.எம்., கேபிள், செல்பேசி, வைஃபை. கல்யாண் கேட்ட 610 மெகாஹெர்ட்ஸ் உலகின் பெரும்பகுதியில் டி.வி. அலைவரிசை. 608 முதல் 614 வரையிலான துண்டை இந்தியா ரேடியோ வானியலுக்கு முதன்மை உரிமையோடு ஒதுக்கிவைத்திருக்கிறது, சர்வதேச விதிப்புத்தகத்தில் இந்தியாவின் பெயரிலேயே அதற்கு அடிக்குறிப்பு உண்டு. ஆனாலும் பக்கத்து வீட்டு நெருக்கடி ஓயவில்லை. 2022 அலைக்கற்றை ஏலத்தில் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியும் விற்பனைக்கு வந்தது. யாரும் கேட்காததால் போகவில்லை.

சூரியன் அவ்வளவு பெரிய விளக்காயிற்றே, நம் கைபேசி அதை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் நம்பக் கடினமாகத்தான் இருந்தது, ஆகவே கணக்குப் போட்டேன். அமைதியான நாளில் சூரியன் இந்த அலைகளில் நமக்கு அனுப்புவது மிகச் சொற்பம். பழைய 2ஜி கைபேசி ஒன்று ஒரு வாட் சக்தியில், 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள தன் அலைவரிசையில் ஒலிபரப்புகிறது என்று வையுங்கள். தடையில்லாத வெட்டவெளியில் எட்டாயிரம் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி அந்தக் கைபேசி இருந்தாலும், அந்தக் குறுகிய அலைவரிசைக்குள் அது சூரியனுக்குச் சமமாகக் கேட்கும். தாராவியில் ஒரு சந்துக்குள் எத்தனை கைபேசி, எத்தனை மோட்டார் தையல் மிஷின், எத்தனை எல்.இ.டி. விளக்கு என்று நினைத்துப் பாருங்கள். அவற்றுக்கு நடுவே ஆன்டெனாவைச் சூரியன் பக்கம் எவ்வளவு துல்லியமாகத் திருப்பினாலும், பக்கவாட்டில் கசிந்து வருவதே சூரியனை அமுக்கிவிடும்.

எதிர்த்திசையிலும் கணக்கு தீர்க்கப்பட்டது. மார்ச் தொடக்கத்திலும் அக்டோபர் வாக்கிலும் சில நாட்கள் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும். அந்த நேரத்தில் தரையிலுள்ள தட்டு செயற்கைக்கோளோடு சூரியனின் இரைச்சலையும் சேர்த்து வாங்கும். செம்பூரில் கேபிள் டி.வி. வைத்திருந்தவர்களுக்கு அந்த நாட்களில் சில நிமிடம் படம் புள்ளி புள்ளியாகக் கலைந்த நினைவு இருக்கும். தரகர்களைச் செயற்கைக்கோள் வழியே இணைத்திருந்த காலத்தில், மும்பைப் பங்குச் சந்தைகள் இதற்காகவே முற்பகலில் முக்கால் மணி நேரம் வர்த்தகத்தை நிறுத்தியதும் உண்டு. தலால் தெருவுக்குச் சூரியன் இடைஞ்சல்.

இப்போது, சூரியனின் நொடிநேர வெடிப்பை ஊர்ச் சத்தத்திலிருந்து எப்படிப் பிரிப்பது என்ற அந்தச் சிக்கலுக்கு வருவோம். மற்ற வானியலாளர்கள் ஊர் இரைச்சலை வெட்டி எறிவது ஓரளவு சுலபம். தூரத்து அண்டங்கள் ஒரு நொடியில் மாறிவிடுவதில்லை, ஆகவே திடீரென்று எழும்பி அடங்குவதை எல்லாம் மென்பொருள் கொண்டு அழித்துவிடலாம். சூரியனைப் பார்ப்பவர்களால் அப்படிச் செய்ய முடியாது. சூரியனும் திடீரென்றுதான் பேசும், குறுகிய அலைவரிசையில், சில நேரம் நொடிக்கும் குறைவாக. கண்ணை மூடிக்கொண்டு அழித்தால் சூரியனே அழிந்துபோகும்.

ஊட்டியிலும் கர்நாடகத்தின் கௌரிபிதனூரிலும் காலிஸ்டோ என்ற சிறு நிறமாலைக் கருவி நிறுத்தப்பட்டிருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் வடிவமைக்கப்பட்ட அதன் இதயம் சாதாரண டி.வி. டியூனர். அதன் பதிவைத் திரையில் விரித்தால் குறுக்கே நேரம், மேலே கீழே அதிர்வெண். எஃப்.எம். நிலையங்கள் அசையாத கிடைக்கோடுகளாகப் படுத்திருக்கும். மின்பொறியும் இடிமின்னலும் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே கணத்தில் தொடுவதால் செங்குத்தாக நிற்கும். சூரிய வெடிப்போ சாய்ந்து வரும். வெடிப்பில் கிளம்பிய எலெக்ட்ரான்கள் கொரோனாவில் மேலே ஏற ஏற அடர்த்தி குறைகிறது, அடர்த்தி குறையக் குறைய அவை எழுப்பும் அலையின் அதிர்வெண்ணும் இறங்குகிறது. மேலிருந்து கீழே சில நொடிகளில் சரியும் அந்தக் கோட்டைப் பழகிய கண் உடனே பிடித்துவிடும். சாயாத, நீளாத, சின்னச் சின்ன வெடிப்புகள்தான் கண்ணையும் மென்பொருளையும் ஏமாற்றும்.

அப்படிப்பட்ட மிகச் சிறியவற்றைத் தேடிப் புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த திவ்ய ஓபராயும் அவருடைய மாணவர்களும் போன இடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பாலைவெளி. ஆள் நடமாட்டமே அரிதான அந்த இடத்து ஆன்டெனாக்களின் பதிவுகளில், அமைதியான சூரியனிலும் நொடிக்கும் குறைந்த நேரம் மினுங்கும் பலவீனமான வெடிப்புகளை அவர்கள் கண்டு 2020-இல் வெளியிட்டார்கள். கொரோனா ஏன் அவ்வளவு சூடாக இருக்கிறது என்ற பழைய புதிருக்கு இவை துப்பு கொடுக்கக்கூடும். கல்யாணுக்குத் தட்டு கொடுத்த ஆஸ்திரேலியாவிடம் இன்று நாம் போய்க் கேட்பது நிசப்தத்தை.

நம் நாட்டிலும் நிசப்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கல்யாணிலிருந்து முர்பாட், மால்ஷேஜ் காட் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் மலை ஏறி இறங்கினால் நாராயண்காவ் பக்கம் போகலாம். அருகிலுள்ள கோடாட் கிராமத்தைச் சுற்றி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளோடு ஸ்வரூப் கட்டிய மாபெரும் மீட்டரலைத் தொலைநோக்கி இருக்கிறது. மும்பையின் சத்தத்தைச் சகியாத்ரி மலை தடுக்கிறது என்பது இடத் தேர்வின் காரணங்களில் ஒன்று. ஆனால் வீட்டுக்கூரையில் இருந்த டி.வி. பூஸ்டர்களை மலை தடுக்காது. மலிவான பூஸ்டர் பழுதானால் அதுவே ஒலிபரப்பத் தொடங்கிவிடும், வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. தொலைநோக்கி ஊழியர்கள் கிராமங்களில் அவற்றைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த வேலை செய்தவர்களின் பெயர் எந்தக் கண்டுபிடிப்புக்கும் சூட்டப்படாது, ஆனால் அதில்லாமல் எந்தக் கண்டுபிடிப்பும் நடந்திருக்காது. அண்மையில் புனே–நாசிக் அரை அதிவேக ரயில்பாதை இந்தத் தொலைநோக்கிக்கு அருகே போகும்படி வரையப்பட்டதும், வேறு பாதை பார்க்க வேண்டும் என்று ரயில்வேயே முடிவெடுத்தது. நாசிக் போகிறவர்களுக்கு அது கஷ்டம்தான். இருந்தாலும் முடிவு சரியானது. தண்டவாளத்தை இன்னொரு பள்ளத்தாக்கில் போடலாம். ரேடியோ நிசப்தம் உள்ள பள்ளத்தாக்கை ஒருமுறை இழந்தால் திரும்ப உண்டாக்க முடியாது.

ஸ்வரூப் 2020 செப்டம்பரில் புனேயில் காலமானார். கல்யாண் தொலைநோக்கியின் கட்டுரைகள் நூலகங்களில் கிடைக்கின்றன. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களின் குரல்தான் பதிவாகவில்லை. 1965 முதல் 1968 வரை கல்யாண், டோம்பிவிலி, உல்லாஸ்நகர் பக்கம் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், அந்தத் தட்டு வரிசையில் கம்பி இழுக்கவோ காவல் காக்கவோ கூலிக்குப் போன பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் நினைவைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். பழைய புகைப்படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த வாரம் முத்தோரை மலைச்சரிவுக்குப் போகிறோம்.